அலுவலகக் கோப்பை வெளியே பகிரும்போது
அலுவலகக் கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினால், போன பிரதி போனதுதான். கூகுள் டிரைவ் போன்ற சேவைகளில் கோப்பு ஒரே இடத்தில் இருக்கும். பார்க்க, கருத்து எழுத, திருத்த என்று அனுமதி மட்டுமே பகிரப்படுகிறது. வெளியாருக்குப் பெரும்பாலும் பார்க்கும் அனுமதியே போதும். ‘இணைப்பு உள்ள எவரும்’ என்ற அமைப்புதான் உண்மையில் ஆபத்தானது. தணிக்கையாளருக்கு அப்படி அனுப்பிய சம்பளப் பட்டியலின் இணைப்பு ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால், அங்குள்ள அத்தனை பேரும் கடவுச்சொல் இல்லாமலே அதைத் திறக்கலாம். பெறுபவரின் மின்னஞ்சல் முகவரியைக் குறிப்பிட்டுப் பகிர்வதே சரி. அலுவலகக் கணக்குகள் பலவற்றில் அனுமதிக்குக் காலாவதித் தேதியும் வைக்கலாம்.

சேவையே உடைபடுவதும் உண்டு. 2023 மே மாதம் ‘மூவிட்’ என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இருந்த ஓட்டை வழியே ‘கிளாப்’ கும்பல் ஏராளமான நிறுவனங்களின் தரவுகளைத் திருடியது. வேலை முடிந்ததும் பரிமாற்ற சர்வரிலிருந்து கோப்பை அழித்துவிட்டால், அங்கே திருடக் கிடைப்பது குறையும்.