கண்ணீர் வடிந்தும் கண் உலர்வது ஏன்?

உலர்கண் நோய்: காரணங்களும் பொறிமுறையும்



கண்ணின் அமைப்பைப் படிக்கும்போது விழிவெண்படலம், கதிராளி, வில்லை, விழித்திரை என்று வரிசையாக மனனம் செய்துவிடுகிறோம். ஆனால் கண்ணின் முன்புறத்தை எந்நேரமும் மூடியிருக்கும் கண்ணீரைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. நானும் ஒரு மாணவி கேட்கும் வரை சிந்தித்ததில்லை.

அவள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தவள். மாலை வகுப்பில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். அழுகிறாள் என்று மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள். அம்மம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் மிஞ்சியிருந்த சொட்டு மருந்தை வீட்டார் இரண்டு கிழமை விட்டிருக்கிறார்கள். சிவப்புக் குறைந்தது, மருந்து முடிந்ததும் எரிவு திரும்பி வந்தது. பின்னர் வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் காட்டிவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்: "சேர், கண்ணால தண்ணி ஓடுது. டொக்டர் கண் காய்ஞ்சு போச்சு எண்டு சொல்லுறார். அது எப்படி?"

நான் கலைப் பட்டதாரி. சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பித்தாலும் அன்று என்னால் விடை கூற முடியவில்லை. படித்து விளங்கிக்கொண்ட பின் அவளுக்குக் கூறியதையே இங்கு உங்களுக்கும் தருகிறேன்.

1. கண்ணீர்ப்படலம் என்பது யாது?

கண்ணின் மேற்பரப்பில் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகப் பரவியுள்ளது. அதன் தடிப்பு ஏறத்தாழ 3 மைக்கிரோமீற்றர் மட்டுமே. ஒரு தலைமயிரின் தடிப்பு இதைப் போல ஏறத்தாழ 20 மடங்காகும். இப்படலம் மூன்று கூறுகளால் ஆனது.

அ. எண்ணெய்க் கூறு: இமைகளின் விளிம்பில் வரிசையாக அமைந்துள்ள மைபோமியன் சுரப்பிகளால் சுரக்கப்படுகின்றது. படலத்தின் வெளிப்புறத்தில் பரவி, நீர் விரைவில் ஆவியாகாமல் தடுக்கின்றது. இச்சுரப்பிகளை 1666 இல் விவரித்த ஜேர்மனிய மருத்துவர் மைபோமின் பெயரே இவற்றுக்கு வழங்குகின்றது.

ஆ. நீர்க் கூறு: பிரதானமாகக் கண்ணீர்ச் சுரப்பியால் சுரக்கப்படுகின்றது. உப்புக்கள், புரதங்கள் என்பவற்றோடு பற்றீரியாக்களை அழிக்கும் இலைசோசைம் என்னும் நொதியமும் இதில் உண்டு. இந்நொதியத்தை 1922 இல் அறிவித்தவர், பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் பிளெமிங் ஆவார்.

இ. சீதக் கூறு: வெண்விழியை மூடியுள்ள மென்சவ்வின் கலங்களால் சுரக்கப்படுகின்றது. கண்ணீர் வழுகி விழாமல் கண்ணில் ஒட்டிப் பரவ உதவுகின்றது.

இவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனிப் படைகளாக உள்ளன எனப் பழைய நூல்கள் காட்டின. நீரும் சீதமும் ஒன்றோடொன்று கலந்திருக்க, அவற்றின் மேல் எண்ணெய் பரவியுள்ளது என்பதே இன்றைய விளக்கமாகும்.

நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இப்படலம் புதிதாகப் பூசப்படுகின்றது. விழிவெண்படலத்தில் குருதிக் கலன்கள் இல்லை. எனவே அது தனக்குத் தேவையான ஒட்சிசனின் பெரும்பகுதியை வளியிலிருந்து கண்ணீரினூடாகவே பெறுகின்றது. தெளிவாகப் பார்ப்பதற்கும் இப்படலம் ஒப்பமாக இருத்தல் வேண்டும். படலம் குழம்பினால் பார்வையும் மங்கும்; இமைத்ததும் தெளியும்.

2. உலர்கண் நோயின் இரு வகைகள்

அ. நீர் குறைவதால் ஏற்படுவது: கண்ணீர்ச் சுரப்பி போதியளவு சுரப்பதில்லை.

ஆ. மிகையாக ஆவியாதலால் ஏற்படுவது: நீர் போதியளவு சுரந்தாலும், எண்ணெய்க் கூறு குறைவாகவோ தரம் கெட்டோ இருப்பதால் அது விரைவில் ஆவியாகின்றது.

இவற்றுள் இரண்டாவது வகையே அதிகமாகக் காணப்படுகின்றது. பலரிடம் இரண்டும் கலந்திருக்கும். ஆகவே "உலர்கண் என்பது கண்ணீர் இல்லாமையாகும்" என்று எழுதுவது முழுமையான விடையன்று.

3. நோய் உண்டாகும் பொறிமுறை

படி 1: நீர் குறைவதாலோ மிகையாக ஆவியாவதாலோ கண்ணீரின் உப்புச் செறிவு உயர்கின்றது. உப்பளத்தில் நீர் ஆவியாக உப்பு எஞ்சுவதை நினைத்துப் பாருங்கள்.

படி 2: செறிவு கூடிய கண்ணீர், பிரசாரணத்தின் மூலம் மேற்பரப்புக் கலங்களிலிருந்து நீரை வெளியே இழுக்கின்றது. கலங்கள் பாதிப்படைகின்றன.

படி 3: பாதிப்படைந்த கலங்கள் இரசாயனச் சைகைகளை வெளியிடுகின்றன. வெண்குருதிக் கலங்கள் அவ்விடத்துக்கு வருகின்றன. இதுவே அழற்சி. கண் சிவந்து எரிகின்றது.

படி 4: அழற்சியால் சீதம் சுரக்கும் கலங்கள் குறைகின்றன. கண்ணீர் ஒட்டிப் பரவ முடியாமல் படலம் ஆங்காங்கே கிழிகின்றது.

படி 5: கிழிந்த இடங்களில் மேற்பரப்பு மேலும் உலர, செறிவு மேலும் உயர்கின்றது. மீண்டும் படி 2.

இது ஒரு நச்சு வட்டமாகும். எந்தப் படியில் தொடங்கினாலும் மற்றப் படிகள் தொடர்ந்து வரும். 2017 இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் அறிக்கையும், கண்ணீர்ப்படலம் தனது ஓர்சீர்த்திடநிலையை இழத்தலே இந்நோயின் அடிப்படை எனக் கூறுகின்றது.

4. அப்படியாயின் நீர் வடிவது ஏன்?

விழிவெண்படலத்தில் உணர் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ளன. படலம் கிழிந்து மேற்பரப்பு உலர்ந்ததும் அவை தூண்டப்படுகின்றன. கணத்தாக்கம் புலன் நரம்பு வழியே மூளைக்குச் சென்று, வேறு நரம்பு வழியே கண்ணீர்ச் சுரப்பியை அடைகின்றது. சுரப்பி ஒரேயடியாக நீரைச் சொரிகின்றது. வெங்காயம் வெட்டும்போது நிகழ்வதும் இத்தகைய தெறிவினையே.

ஆனால் இவ்வாறு சொரியும் நீருடன் எண்ணெய் அதற்கேற்ற அளவில் சேர்வதில்லை. ஆகவே அது கண்ணில் நிலைத்து நிற்காமல் கன்னத்தில் வடிகின்றது. எஞ்சுவதும் விரைவில் ஆவியாகின்றது. சிறிது நேரத்தில் கண் மீண்டும் உலர்கின்றது. அந்த மாணவி அழவில்லை. அவளது கண் தன்னைக் காத்துக்கொள்ள முயன்றது.

5. காரணங்கள்

அ. இமைத்தல் குறைதல்: 1993 இல் வெளியான ஓர் ஆய்வில், ஓய்வாக இருந்தோர் சராசரியாக நிமிடத்துக்கு 22 தடவையும், நூல் வாசித்தபோது 10 தடவையும், கணினித் திரையைப் பார்த்தபோது 7 தடவையும் இமைத்தனர். கைத்தொலைபேசியை உற்றுப் பார்க்கும்போதும் இமைத்தல் குறைகின்றது. பலர் இமையை முழுமையாக மூடுவதுமில்லை. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு ஒன்லைன் வகுப்புக்கள் நடந்தபோது, கண் எரிகிறது என்று சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே நினைவிருக்கும்.

ஆ. சூழல்: வெப்பம், காற்று, குறைந்த சாரீரப்பதன் ஆகியன ஆவியாதலைக் கூட்டும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது வெப்பமும் வறட்சியுமான கச்சான் காற்றாக வீசுகின்றது. மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு அது பழக்கமானது. முகத்துக்கு நேரே சுழலும் மின்விசிறி, வளிச்சீராக்கி, அடுப்புப் புகை, சிகரட் புகை என்பனவும் இவ்வகையின.

இ. விற்றமின் ஏ குறைபாடு: சீதம் சுரக்கும் கலங்கள் குறைந்து கண்ணின் மேற்பரப்பு வறண்டு தடிக்கின்றது. மாலைக்கண் இதன் ஆரம்ப அறிகுறியாகும். கவனியாது விட்டால் பார்வையே பறிபோகலாம்.

ஈ. நோய்கள்: நீரிழிவு, மூட்டு வாதம் போன்றவை. சுவீடன் நாட்டு மருத்துவர் ஷெகிரன் 1933 இல் விரிவாக விவரித்த நோயில், உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகின்றது.

உ. பிற: முதுமை, பெண்களில் மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் ஓமோன் மாற்றம், தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் எடுக்கும் சில மாத்திரைகள், தொடுவில்லை அணிதல் என்பன.

6. எவ்வாறு கண்டறிவர்?

ஷேர்மர் சோதனையில் கீழ் இமையில் ஒரு வடிதாள் துண்டு 5 நிமிடங்கள் வைக்கப்படும். 5 மி.மீ. கூட நனையாவிட்டால் நீர் குறைவு எனக் கருதப்படும். மற்றொரு சோதனையில் கண்ணீரில் ஒரு சாயம் சேர்த்து, இமைத்த பின் படலம் கிழிய எடுக்கும் நேரம் அளக்கப்படும். அது 10 செக்கனிலும் குறைவாயின் படலம் உறுதியற்றது என்பர்.

7. நீங்கள் செய்ய வேண்டியவை

• திரையைப் பார்த்துப் படிக்கும்போது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 செக்கன் பாருங்கள். முழுமையாகப் பலமுறை இமையுங்கள்.

• திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். கண் திறந்திருக்கும் பரப்புக் குறைந்து ஆவியாதலும் குறையும்.

• மின்விசிறியை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். கச்சான் காலத்தில் சைக்கிளில் செல்வோர் கண்ணாடி அணியலாம்.

• கண்ணைக் கசக்காதீர்கள்.

• முருங்கையிலை, பொன்னாங்காணி, கரட், பப்பாசி, முட்டை என்பவற்றை உணவில் சேருங்கள்.

• எரிவு, சிவப்பு, உறுத்தல் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். வலியோ பார்வைக் குறைவோ இருந்தால் ஒரு நாளும் பிந்த வேண்டாம்.

முக்கிய எச்சரிக்கை: ஒருவருக்குக் கொடுத்த கண் மருந்தை இன்னொருவர் பாவிக்கக் கூடாது. சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுக்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீரொயிட் உண்டு. அது சிவப்பை விரைவில் குறைக்கும். ஆனால் வைத்தியரின் கண்காணிப்பின்றித் தொடர்ந்து பாவித்தால் கண்ணின் உள் அமுக்கம் உயர்ந்து பார்வை நரம்பு பாதிப்படையலாம், கண்புரையும் ஏற்படலாம். அந்த மாணவி இரண்டு கிழமையில் நிறுத்தியது நல்லதாயிற்று.

8. பயிற்சி வினாக்கள்

1. கண்ணீர்ப்படலத்தின் கூறுகள் மூன்றையும், ஒவ்வொன்றினதும் ஒரு தொழிலையும் எழுதுக.

2. "கண்ணீர்ச் சுரப்பி நன்கு தொழிற்பட்டாலும் உலர்கண் ஏற்படலாம்." விளக்குக.
குறிப்பு: எண்ணெய்க் கூறு, ஆவியாதல், செறிவு ஆகிய மூன்று சொற்களும் விடையில் வருதல் வேண்டும்.

3. உலர்கண் உள்ளவருக்குக் கண்ணீர் வடிவதற்கான தெறிவினைப் பாதையை அம்புக்குறிப் படமாக வரைக.

4. கச்சான் காற்று வீசும் காலத்தில் இந்நோய் கூடுவதற்கு இரண்டு காரணங்கள் தருக.

மாணவர்களே, இந்த வினாக்களுக்கு விடை எழுதும் முன் ஒரு தடவை கண்களை மூடித் திறவுங்கள். இந்தப் பக்கங்களை வாசித்து முடிக்கும் வரை எத்தனை தடவை இமைத்திருப்பீர்கள்? பரீட்சைக்கு இன்னும் பல இரவுகள் படிக்க இருக்கின்றன. அதற்கு உங்கள் கண்கள் நன்றாக இருக்க வேண்டும்.