உப்புக் காற்றில் பழைய ஸ்பீக்கர்

தருவைகுளம் போன்ற கடலோர ஊர்களில் பழைய ஸ்பீக்கர் கரகரத்தால், உப்புக்காற்று தின்றுவிட்டது என்று பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். 1980களின் பெட்டிகள் பலவற்றில் முதலில் கெடுவது கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம்தான். ஈரப்பதத்தில் பாலியூரித்தேன் சிதைந்து, விரல் பட்டாலே பிசுபிசுத்து உதிரும். காந்தமும் காகிதக் கூம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழைய பசையைச் சுரண்டி, அதே அளவு வளையத்தை ஒட்டி, கூம்பின் பின்னுள்ள கம்பிச் சுருள் எங்கும் உரசாதபடி நடுவில் நிறுத்தினால் குரல் திரும்பிவிடும்.

புளூடூத் பெட்டி மலிவுதானே என்பார்கள். மலிவுதான், ஆனால் அதன் சின்னக் கூம்பு தள்ளும் காற்று குறைவு, மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்துவிடும். 8 அங்குலக் கூம்பில் அது நெஞ்சில் வந்து முட்டும். ஈரத்தைத் தாங்கும் ரப்பர் வளையம் போடலாமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் ரப்பரின் கனமும் விறைப்பும் வேறு, ஒலியே மாறிவிடும். ஃபோமே போட்டு, சில ஆண்டுகள் கழித்து மறுபடி மாற்றிக்கொள்வதே மேல்.