பத்து ரோட்டில் ஒரு நாள்



தோட்டத்தில் வாழும் குடும்பத்துக்குக் கோலாலம்பூர்ப் பயணம் என்பது பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறைதான். ஒன்று தைப்பூசம். மற்றொன்று தீபாவளிச் சாமான் வாங்கப் போவது. தைப்பூசத்துக்குப் போகும்போது முன்கூட்டியே வேன் பேசி, விரதம் இருந்து, கட்டுச்சோறு கட்டி, ஒழுங்காகப் போகிறோம். சாமான் வாங்கப் போகும்போது மட்டும், பண்டிகைக்கு நாலு நாள் இருக்கையில், முன்பணம் கைக்கு வந்த மறுநாளே விழுந்தடித்துக்கொண்டு ஓடுகிறோம். ஆண்டு முழுவதும் மழையிலும் வெயிலிலும் செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த காசு, யார் முதலில் கூப்பிட்டாரோ அவர் கடையிலேயே நாலு மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது. ஆகவே, அந்தக் கடைத்தெருவில் ஒரு முழு நாளை நிதானமாகக் கழிப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

எந்தத் தெரு என்று சொல்ல வேண்டியதில்லை. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். நம் பெரியவர்கள் வாயில் அது இன்றைக்கும் பத்து ரோடுதான். பத்துத் தெருக்கள் கூடும் இடம் என்பதால் அந்தப் பெயர் என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. அப்படி அல்ல. மலாய் மொழியில் பத்து என்றால் கல். வடக்கே பத்து என்ற கிராமத்துக்குப் போன சாலை ஆகையால் பத்து ரோடு ஆயிற்று. நாம் கும்பிடும் பத்துமலையின் பெயரிலும் அதே பத்துதான் இருக்கிறது. நாடு விடுதலை அடைந்த பிறகு முதல் மாமன்னராக வீற்றிருந்த நெகிரி செம்பிலான் துவாங்கு அப்துல் ரஹ்மானின் பெயரைச் சாலைக்கு வைத்தார்கள். முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வேறு. மாமன்னர் துவாங்கு வேறு. படித்தவர்களே இதில் தடுமாறுவதுண்டு. பிள்ளைகள் கேட்டால் சரியாகச் சொல்லுங்கள்.

இந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே, இணையாக ஓடுவது மஸ்ஜித் இந்தியா சாலை. இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1863-இல் மரத்தால் கட்டிய பள்ளிவாசல் ஒன்று அங்கே இருந்தது. இப்போதுள்ள பெரிய கட்டடம் பிற்காலத்தில் எழுந்தது. அந்தப் பள்ளிவாசலால்தான் சாலைக்கு அந்தப் பெயர். இரண்டு சாலைகளையும் சின்னச் சின்னச் சந்துகள் இணைக்கின்றன. ஒரு சாலையில் இறங்கி நடந்து, மறு சாலையில் ஏறித் திரும்பினால் ஒரு வட்டம். வழி தவறும் பயமே இல்லை.

போகும் வழியும் இப்போது எளிது. ரவாங், கிள்ளான், சிரம்பான் பக்கத்துத் தோட்டத்தார் கொமியூட்டர் ரயிலில் வந்து பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து நடந்தால் சாலைக்கே வந்துவிடலாம். எல்.ஆர்.டி.யில் வருகிறவர்களுக்கு ஒரு முனையில் பண்டாராயா நிலையம், மறு முனையில் மஸ்ஜித் ஜாமெக் நிலையம். நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக் கூட்டம் சாலை நிறைய இருக்கும். தீபாவளிக்கு ஐந்தாறு வாரம் முன்னதாக ஒரு சாதாரண நாளில் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். கடைக்காரர் உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார். பண்டிகைக்கு முதல் வாரத்தில் அதே கடைக்காரர் உங்கள் முகத்தையே பார்க்க மாட்டார்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். காலையிலிருந்து பகல் சாப்பாடு வரை ஒன்றும் வாங்காதீர்கள். பாருங்கள், தொட்டுப் பாருங்கள், விலை கேளுங்கள், அடுத்த கடைக்குப் போங்கள்.

சொல்வது எளிது, செய்வதற்குத் துணிவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தோட்டத்தில் ஒரே கடை. அங்கே கணக்குப் புத்தகம். சாமானை எடுக்கிறோம், எழுதுகிறார்கள், சம்பளத்தன்று கழிக்கிறார்கள். மூன்று தலைமுறையாக நம்மில் பலருக்கு இரண்டு கடை ஏறி விலை ஒப்பிட வாய்ப்பே இருந்ததில்லை. அதனால் பட்டணத்துக் கடையில் நுழைந்து நாலு புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் வெளியே வர நமக்குக் கூச்சமாக இருக்கிறது. "அக்கா, இவ்வளவு பார்த்துட்டுச் சும்மா போறீங்களே" என்று விற்பனைக்காரத் தம்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும், முகம் சுருங்கிப் பணத்தை எடுத்துவிடுகிறோம். அந்தத் தம்பி அப்படிச் சொல்வது அவர் தொழில். புடவையைப் பிரிப்பதும் மடிப்பதும் அவர் சம்பளத்தில் சேர்ந்த வேலை. "பார்த்துட்டு வர்றேன் தம்பி" என்று சிரித்துச் சொல்லிவிட்டு நடங்கள். ஒரு தவறும் இல்லை. பட்டணத்துப் பெண்கள் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார்கள்.

வாசலுக்கே வந்து தவணையில் துணியும் பாத்திரமும் கொடுக்கிறவரிடம் வாங்குவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன். வாரம் 10 வெள்ளி, 26 வாரம் என்றால் 260 வெள்ளி. அதே சாமான் கடைத்தெருவில் ரொக்கத்துக்கு 160 வெள்ளி என்றால், நூறு வெள்ளியை வாசலில் நின்றபடியே கொடுத்திருக்கிறோம். ரயில் கட்டணமும் சாப்பாடும் போக மிச்சம் எவ்வளவு என்று வீட்டுப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

துணிக்கு வருவோம். பத்து ரோட்டில் துணிக்கடைகளுக்குக் குறைவில்லை. மலாய்க்கார அம்மாக்கள் பாஜு கூரோங் துணி எடுப்பதும் இங்கேதான். விலைச்சீட்டு ஒட்டிய பெரிய கடைகளில் பொதுவாகப் பேரம் நடக்காது. அஞ்சடியில் போட்டிருக்கும் கடைகளில் நடக்கும். பட்டு என்று சொல்லி விற்பதெல்லாம் பட்டு அல்ல. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூல் கேட்டு வாங்கி, கடைக்கு வெளியே தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும். உண்மைப் பட்டு முடி பொசுங்கும் வாடையோடு எரியும்; கரியைத் தொட்டால் தூளாக நொறுங்கும். பாலியஸ்டர் உருகி, நுனியில் மணி போல் கெட்டியாகும். நூல் கேட்கத் தயக்கமாக இருந்தால், இந்தியாவின் மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரைச் சீட்டு புடவையில் இருக்கிறதா என்றாவது பாருங்கள். பாலியஸ்டர் புடவை தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. துவைக்கவும் கட்டவும் அதுதான் சுகம். ஆனால் பாலியஸ்டருக்குப் பாலியஸ்டர் விலைதான் கொடுக்க வேண்டும்.

பகலில் ஓர் இடத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பிள்ளைகளைப் பட்டினி போட்டால் பிற்பகலில் அவர்கள் அழுகைக்குப் பயந்தே கண்டதை வாங்க நேரிடும். சாப்பிட்டபின் மஸ்ஜித் இந்தியா பக்கம் மெதுவாக நடங்கள். பூக்கட்டுகிறவர்கள், வளையல்காரர்கள், சாம்பிராணி, கண்மை, வெற்றிலை என்று கண்ணுக்கு விருந்து. மருந்து விற்கிறவர் கூட்டம் கூட்டிப் பேசினால் தாராளமாக நின்று கேளுங்கள். அவர் பேச்சு என் பேச்சைவிட நன்றாக இருக்கும். மருந்தை மட்டும் வாங்க வேண்டாம். பத்து ரோட்டுப் பக்கம் 1920-களின் தொடக்கத்தில் எழுந்த கொலிசியம் திரையரங்கம் இருக்கிறது. உங்கள் வீட்டுத் தாத்தா அதில் எந்தப் படம் பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு துயரமும் நேர்ந்தது. 2024 ஆகஸ்டு 23-ஆம் நாள் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை திடீரென்று உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த சுற்றுப்பயணிப் பெண்மணி ஒருவர் அந்தக் குழியில் விழுந்து மறைந்தார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அதன்பின் மக்கள் வரப் பயந்தார்கள். அஞ்சடியில் பூவும் வளையலும் விற்றுப் பிழைக்கிறவர்கள் வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் இரண்டு முழம் பூ வாங்கும்போது அதிகமாகப் பேரம் பேசாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

இனி நகைக்கடை. வீட்டுப் பெண் ஆளாகி நிற்கிறாள், ஒரு பவுனாவது சேர்க்க வேண்டும் என்று பல ஆண்டு சீட்டுப் பிடித்த பணத்தோடு வருகிறவர்கள் உண்டு. இங்கே அவசரம் கூடவே கூடாது. 916 என்று நகையில் பொறித்திருந்தால், ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட் என்று பொருள். கடையில் பலகையில் அன்றைய கிராம் விலை எழுதியிருக்கும். அந்த விலை கடைக்குக் கடை அதிகம் மாறாது. மாறுவது செய்கூலி. ஊப்பா என்று கடையில் சொல்வார்கள்.

ஒரு பவுன், எட்டு கிராம். கணக்குக்காகக் கிராம் 500 வெள்ளி என்று வைத்தால் தங்கத்தின் விலை 4,000 வெள்ளி. ஒரு கடையில் கூலி 200, பக்கத்துக் கடையில் அதே மாதிரிச் சங்கிலிக்குக் கூலி 450 என்று இருக்கலாம். தங்கத்தின் விலையில் பேரம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை, கூலியில் பேசுங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எடை எவ்வளவு, கிராம் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்தார்களா என்றும் கேளுங்கள். தராசில் நகையை வைப்பதற்கு முன் அது சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அளவைச் சட்டம் 1972-இன்படி அந்தத் தராசு சோதிக்கப்பட்டு, முத்திரை பெற்றிருக்க வேண்டும்.

நம் வீட்டு நகை கழுத்தில் இருப்பது பாதி நாள், அடகுக்கடையில் இருப்பது பாதி நாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளி திறக்கும் மாதத்தில் வேறு யார் நமக்குக் கடன் கொடுக்கிறார்கள்? ஆனால் அடகுக்கடைக்காரர் தங்கத்துக்குத்தான் பணம் கொடுப்பார், கூலிக்குக் கொடுக்க மாட்டார். கூலி அதிகமுள்ள பூவேலை நகையை வாங்கினால் கடை வாசலைத் தாண்டியதுமே அந்தக் கூலி போன காசு. ஆபத்துக்கு உதவட்டும் என்று வாங்குகிறவர்கள் வேலைப்பாடு குறைந்த சங்கிலியோ வளையலோ வாங்குவது நல்லது. அடகுக்கடைச் சட்டம் 1972-இன்படி மாதம் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்கக் கூடாது, மீட்க ஆறு மாதத் தவணை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொருளில் பழுது இருந்தால் என்ன செய்வது? "விற்ற சாமான் திரும்பப் பெறப்படாது" என்று எழுதி மாட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து நாம் வாய் மூடிவிடுகிறோம். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்றால் கடைக்காரர் மாற்றித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பழுதான பொருளை விற்றுவிட்டு அந்த அட்டையைக் காட்டித் தப்ப முடியாது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 தரும் உரிமையை எந்த அட்டையாலும் பறிக்க இயலாது. கடைக்காரர் மசியவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, நீங்களே பேசலாம். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். 2019-இல் செய்த திருத்தத்தின்படி 50,000 வெள்ளி வரை கோரலாம்.

அங்கே போய் நிற்க வேண்டுமானால் கையில் ரசீது வேண்டும். இப்போது பல கடைகளில் தரும் வழவழப்பான தாள் ரசீதில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். மறுநாளே நகல் எடுத்து, அசலையும் நகலையும் சேர்த்து, பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியில் போட்டு வையுங்கள்.