மாறிக்கொண்டே இருக்கும் அட்டவணையும் மாறாத ஒரு மெனுவும்

கூகுள் ஷீட்ஸில் ஒரு கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பாருங்கள். வெட்ட, ஒட்ட, வரிசையைச் சேர்க்க, நீக்க என்று ஒரு மெனு விரியும். அது பிரவுசர் தருவதல்ல, அந்தப் பக்கமே தருவது. ரைட் கிளிக் செய்ததும் பிரவுசர் ‘கான்டெக்ஸ்ட்மெனு’ என்ற நிகழ்வை எழுப்புகிறது. பக்கத்தில் காத்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பிரவுசரின் மெனுவைத் தடுத்துவிட்டு, தன் மெனுவை அங்கே வைக்கிறது.

அட்டவணை அசையாமல் இருந்தால் இது எளிய வேலை. ஆனால், ஒரு மருந்துக் கடையின் இருப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துகள் ஆயிரக்கணக்கில், திரையில் தெரிவதோ 50 வரிசை. தேடல் பெட்டியில் ‘பாரா’ என்று தட்டினால் இருந்த வரிசைகள் போய்ப் புதியவை வந்து உட்காரும். தொடக்கத்தில் தெரிந்த 50 வரிசைகளுக்கு மட்டும் நிரலைக் கட்டிவைத்திருந்தால், புதிதாக வந்தவற்றுக்கு மெனு கிடையாது. முதல் பக்கத்தில் ஒழுங்காக வந்த மெனு இரண்டாம் பக்கத்தில் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

விடை, நிகழ்வு பயணம் செய்யும் விதத்தில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் ரைட் கிளிக் செய்தால் செய்தி அந்தக் கட்டத்தோடு நிற்பதில்லை. கட்டத்திலிருந்து வரிசைக்கு, வரிசையிலிருந்து அட்டவணைக்கு, அங்கிருந்து முழுப் பக்கத்துக்கு என்று படிப்படியாக மேலே ஏறுகிறது. 1990களில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் இந்தப் பயணத்தை மேலிருந்து கீழாகவும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கீழிருந்து மேலாகவும் வைத்திருந்தன. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2000இல் வெளியிட்ட தரநிர்ணயம் இரண்டையும் சேர்த்துக்கொண்டது: நிகழ்வு முதலில் இறங்கும், பிறகு ஏறும்.

ஆகவே, காத்திருக்கும் நிரலை வரிசைகளுக்குப் போட வேண்டாம். அட்டவணைக்கு ஒன்று போட்டால் போதும். வரிசைகள் எத்தனை முறை மாறினாலும் எல்லாச் செய்தியும் அந்த வழியாகத்தான் மேலே போக வேண்டும். எந்தக் கட்டத்தில் கிளிக் நடந்தது என்பதை நிகழ்வே சொல்லும். ‘க்ளோசஸ்ட்’ என்ற கட்டளை அந்தக் கட்டம் எந்த வரிசைக்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. “மூன்றாவது வரிசை” என்று எண்ணை வைத்து மருந்தை அடையாளம் காணக் கூடாது. விலைவாரியாக அடுக்கியதும் மூன்றாவது இடத்தில் வேறு மருந்து இருக்கும். நீக்குவது தவறான மருந்தாகிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் மருந்தின் நிலையான அடையாள எண்ணைப் பதித்து வைத்து, அதையே படிக்க வேண்டும்.

மெனுவை வைக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. கிளிக் நடந்த புள்ளியை நிகழ்வு எண்களாகத் தரும். திரையின் வலது ஓரமோ கீழ் ஓரமோ நெருங்கினால் மெனுவை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் பாதி மெனு வெளியே போய்விடும்.

மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் விண்டோஸில் ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தி இதே மெனுவைக் கேட்பார்கள். வரிசைகள் கீபோர்டுக்கு எட்டினால்தான் அது நடக்கும். தொடுதிரையில் வலது பட்டனே இல்லை. ஆகவே ரைட் கிளிக்கைக் குறுக்குவழியாக மட்டும் வையுங்கள். அதே கட்டளைகளை வரிசையின் ஓரத்தில் ஒரு பட்டனுக்குள்ளும் கொடுங்கள். அப்போதுதான் அந்த அட்டவணை எல்லோருக்கும் பயன்படும்.