புதிய கணினித் திரையில் நிறம் மாறினால்...

புதிதாக வாங்கிய மேசைக் கணினியில் வெள்ளைப் பக்கம் மஞ்சளடிப்பது, முகங்கள் பச்சையாகத் தெரிவது, கறுப்பு சாம்பலாக வெளிறுவது, ஒரு மூலை மட்டும் கறைபட்டதுபோல் இருப்பது எல்லாமே ‘கலர் சரியில்லை’ என்ற ஒரே புகாராகத்தான் கடைக்குப் போகின்றன. காரணங்களோ வேறு வேறு. சிலவற்றை ஒரு பொத்தானை அழுத்திச் சரிசெய்துவிடலாம், சிலவற்றுக்கு வேறு கேபிள் போதும், சிலவற்றுக்குத் திரையை மாற்றுவதைத் தவிர வழியே இல்லை. எது எந்த வகை என்று முதல் சில நாட்களுக்குள் பிரித்தறிந்துவிட வேண்டும். நல்ல மானிட்டரைத் திருப்பி அனுப்பி அலைவதும், உண்மையான பழுதை ‘போகப்போகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவதும் வாங்கியவருக்கே நட்டம்.

நிறம் உருவாகும் வழி

இன்றைய மேசைக் கணினித் திரைகளில் பெரும்பாலானவை எல்.சி.டி. வகை. இதிலுள்ள திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்னால் எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன. அந்த விளக்கின் வெள்ளையும் ஒரு கலவைதான்: நீல ஒளி உமிழும் எல்.இ.டி.யின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூசப்பட்டிருக்கும், இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். (அந்த நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.) பாஸ்பர் பூச்சின் அளவு சற்றுக் கூடினால் வெள்ளை மஞ்சளாகும், குறைந்தால் நீலமடிக்கும். அதனால்தான் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் மானிட்டர்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்தால்கூட வெள்ளை அச்சாக ஒத்துப்போவதில்லை.

இந்த ஒளி சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வடிகட்டிகள் வழியாக வெளியே வருகிறது. 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 படப்புள்ளிகள். ஒவ்வொன்றிலும் மூன்று துணைப்புள்ளிகள் என்பதால் மொத்தம் 62,20,800. ஒவ்வொரு துணைப்புள்ளியும் 256 படிகளில் ஒளியைக் கூட்டிக் குறைக்கிறது. மூன்றும் முழுதாகத் திறந்தால் வெள்ளை, மூன்றும் ஒரே அளவில் பாதி திறந்தால் சாம்பல். ஆகவே மூன்றில் ஒன்று கொஞ்சம் தடுமாறினாலும் முதலில் காட்டிக்கொடுப்பவை வெள்ளையும் சாம்பலுமே. பளிச்சென்ற வண்ணப் படங்களை ஓடவிட்டுத் திரையைச் சோதிப்பதில் பயனில்லை. அவற்றில் குறை மறைந்துவிடும். வெறும் நடுத்தரச் சாம்பல் நிறத்தைத் திரை முழுக்க நிரப்பிப் பார்ப்பதே சரியான சோதனை.

ஒரு புள்ளியின் நிறம் முதலில் செயலியில் எண்ணாகப் பிறக்கிறது. இயங்குதளமும் கிராபிக்ஸ் கார்டும் அந்த எண்ணைத் திருத்துகின்றன. பிறகு அது கேபிள் வழியே மானிட்டரின் மின்சுற்றுக்குப் போய், கடைசியில் திரைப்பலகையை அடைகிறது. இந்தப் பாதையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறம் கெடலாம். எந்த இடம் என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

எங்கே கோளாறு?

மானிட்டரின் ஓரத்திலோ அடியிலோ உள்ள பொத்தானை அழுத்தினால் அதன் சொந்த மெனு திரையில் தோன்றும். அந்த மெனுவைக் கணினி வரைவதில்லை, மானிட்டரே வரைகிறது. பின்னாலுள்ள படம் மஞ்சளாக இருக்க, மெனுவின் எழுத்தும் சின்னங்களும் சுத்த வெள்ளையாகத் தெரிந்தால் திரைப்பலகை நன்றாக இருக்கிறது என்று பொருள். குறை கேபிளிலோ கணினியிலோ இருக்கிறது. மெனுவும் அதே நிறத்தில் தோய்ந்திருந்தால் சந்தேகம் மானிட்டரின் மேல் விழ வேண்டும். சர்வீஸுக்குத் தொலைபேசி செய்வதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது, கணினியை இயக்கியதும் விண்டோஸ் வருவதற்கு முன்னால் தோன்றும் மதர்போர்டு சின்னத்தையும் பயாஸ் பக்கத்தையும் கவனிப்பது. அந்த நேரத்தில் விண்டோஸின் நிற அமைப்பு எதுவும் வேலைசெய்யத் தொடங்கியிருக்காது. பயாஸில் நிறம் சரியாக இருந்து, விண்டோஸ் வந்த பிறகு கெட்டால் குற்றவாளி மென்பொருள்தான். பயாஸிலேயே கெட்டிருந்தால் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுவது வீண் வேலை.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைபேசிக்கு அனுப்பிப் பார்ப்பது பலர் செய்யும் சோதனை. இதை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டிலும் நிறம் கெட்டிருந்தால் கோளாறு செயலியிலோ படத்திலோ உள்ளது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருப்பதால் மட்டும் மென்பொருளில் குறையில்லை என்றாகிவிடாது. இரவு ஒளி போன்ற அமைப்புகள் படம் கிராபிக்ஸ் கார்டை விட்டு வெளியேறும் கட்டத்தில்தான் நிறத்தை மாற்றுகின்றன. ஸ்கிரீன்ஷாட் அதற்கு முந்தைய கட்டத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

மென்பொருள் செய்யும் மாற்றங்கள்

புதுக் கணினியில் திரை மஞ்சளாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ‘நைட் லைட்’. 2017 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில் மைக்ரோசாஃப்ட் இதைச் சேர்த்தது. நீல ஒளியைக் குறைத்துத் திரையை இதமாக்குவது இதன் வேலை. சூரியன் மறைந்ததும் தானாக இயங்கும்படி வைத்திருந்தால், பகலில் நன்றாக இருக்கும் திரை மாலையில் மட்டும் மஞ்சளாகும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போனால் இதை அணைக்கலாம். ஆப்பிள் கணினிகளில் இதே வேலையை நைட் ஷிஃப்ட் செய்கிறது. 2020-க்குப் பிறகு வந்த ஐமேக்குகளில் ட்ரூ டோன் என்ற வசதியும் உண்டு. அறை வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பத் திரையின் வெள்ளையை அது மாற்றிக்கொண்டே இருக்கும்.

திரை திடீரென்று கறுப்பு வெள்ளையாகிவிட்டால் பயந்துபோகிறவர்கள் பலர். விண்டோஸில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகக் ‘கலர் ஃபில்டர்’ என்ற வசதி இருக்கிறது. அதன் குறுக்குவிசை செயலில் இருந்தால், விண்டோஸ், கன்ட்ரோல், சி ஆகிய மூன்று விசைகளும் தவறுதலாகச் சேர்ந்து அழுந்தியதும் திரை சாம்பலாகிவிடும். அதே மூன்றையும் மறுபடி அழுத்தினால் நிறம் திரும்பி வரும்.

கண்டுபிடிக்கச் சிரமமானது நிற விவரக்கோப்பு. ஐ.சி.சி. புரொஃபைல் எனப்படும் இந்தக் கோப்பு, ஒரு குறிப்பிட்ட மானிட்டர் எந்த எண்ணை எந்த நிறமாகக் காட்டும் என்பதைச் செயலிகளுக்குச் சொல்கிறது. மானிட்டரின் டிரைவரோடு பொருந்தாத கோப்பு ஏறிவிட்டால், புகைப்படம் காட்டும் செயலியில் வெள்ளை மஞ்சளாகவும் மற்ற இடங்களில் சரியாகவும் தெரியும். ஒரு செயலியில் மட்டும் நிறம் கெடுவதே இதன் அடையாளம். கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் அந்தக் கோப்பை நீக்கிவிட்டு ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ விவரக்கோப்பை இயல்பாக வைத்தால் போதும். எஸ்.ஆர்.ஜி.பி. என்பது 1996-இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த நிற அளவுகோல். சாதாரண மானிட்டர்களும் இணையப் படங்களும் இன்றும் இதையே பின்பற்றுகின்றன.

நிறங்கள் மொத்தமாக வெளிறிப்போனால், ஒளிக்கும் இருளுக்குமான வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்.டி.ஆர். அமைப்பைப் பார்க்க வேண்டும். போதுமான பிரகாசம் இல்லாத மலிவு மானிட்டரில் இதை இயக்கினால் சாதாரணப் படங்களெல்லாம் உயிரற்றுத் தெரியும். அப்படிப்பட்ட திரைகளில் எச்.டி.ஆரை அணைத்து வைப்பதே நல்லது.

மானிட்டரின் சொந்த மெனுவிலும் நிற அமைப்புகள் உண்டு. ‘லோ ப்ளூ லைட்’, ‘ரீடிங்’ போன்ற முறைகள் மஞ்சளைக் கூட்டும், விண்டோஸின் நைட் லைட்டும் சேர்ந்துகொண்டால் திரை ஆரஞ்சாகவே மாறிவிடும். நிற வெப்பநிலை 6,500 கெல்வினுக்கு அருகில் இருந்தால் வெள்ளை இயல்பாகத் தெரியும். 9,300 என்று வைத்தால் நீலமடிக்கும். குழம்பிப்போனவர்கள் அந்த மெனுவிலேயே உள்ள ‘ஃபேக்டரி ரீசெட்’டைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லா அமைப்பும் ஆலையிலிருந்து வந்தபடி ஆகிவிடும்.

கேபிள்

வி.ஜி.ஏ. இணைப்பு 1987-இல் ஐ.பி.எம். கணினிகளோடு வந்தது. அதன் 15 பின்களில் முதல் மூன்றும் முறையே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சுமக்கின்றன. ஒரு பின் வளைந்தாலோ சரியாகச் செருகப்படாவிட்டாலோ அந்த நிறம் அடியோடு காணாமல் போகும். சிவப்பு அறுந்தால் வெள்ளைப் பக்கம் நீலப்பச்சையாகும். பச்சை அறுந்தால் கத்தரிப்பூ நிறத்துக்கும் இளஞ்சிவப்புக்கும் இடைப்பட்ட நிறம் வரும். நீலம் அறுந்தால் அடர் மஞ்சள். வெள்ளைப் பக்கம் எந்த நிறத்தில் தெரிகிறது என்று பார்த்தே எந்தப் பின்னில் குறை என்று சொல்லிவிடலாம். கேபிளைக் கழற்றி, வளைந்த பின்னை மெல்ல நிமிர்த்தி, இரண்டு பக்கத் திருகுகளையும் இறுக்கிச் செருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லா வி.ஜி.ஏ. கேபிளிலும் 15 பின்களும் இருக்காது என்பதால், ஒரு பின் இல்லாததைப் பார்த்ததும் ஒடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் நிறத்தை எண்களாகவே அனுப்புகின்றன. இவற்றில் கேபிள் கெட்டால் படம் விட்டு விட்டு வரும், மின்மினிப் புள்ளிகள் தெறிக்கும், அல்லது திரை இருண்டுவிடும். திரை முழுவதும் சீராக, லேசாக மஞ்சள் படர்வதற்கு இந்தக் கேபிள்கள் காரணமாவதில்லை. அப்படிப்பட்ட குறைக்குத் தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த கேபிளை வாங்கச் சொல்லும் ஆலோசனையை ஏற்க வேண்டியதில்லை.

எச்.டி.எம்.ஐ.யில் அடிக்கடி வரும் நிறக் கோளாறுக்கு, கணினியும் மானிட்டரும் ஒன்றையொன்று தவறாகப் புரிந்துகொள்வதே காரணம். கணினி கறுப்பு முதல் வெள்ளை வரை 0 முதல் 255 வரையிலான எண்களைப் பயன்படுத்துகிறது. தொலைக்காட்சி உலகின் வழக்கம் 16 முதல் 235 வரை. கணினி தன் எதிரே தொலைக்காட்சிப் பெட்டி இருப்பதாக நினைத்துச் சுருங்கிய வரம்பில் அனுப்ப, மானிட்டர் முழு வரம்பை எதிர்பார்த்தால், கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை மங்கலாகவும் தெரியும். எதிர்மாறாக நடந்தால் இருண்ட பகுதிகளின் நுணுக்கமெல்லாம் ஒரே கறுப்பில் மூழ்கிவிடும். இன்னொரு குழப்பமும் உண்டு. கணினி பிரகாசத்தையும் நிறத்தையும் பிரித்து அனுப்பும் ஒய்.சி.பி.சி.ஆர். முறையில் அனுப்ப, மானிட்டர் அதைச் சிவப்பு-பச்சை-நீலம் என்று வாசித்தால் வெள்ளை பச்சையாகவும் கறுப்பு ஊதாவாகவும் ஆகிவிடும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் எதுவும் உடைந்திருக்காது. கிராபிக்ஸ் கார்டின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் வெளியீட்டை ‘ஆர்.ஜி.பி.’ என்றும், வரம்பை ‘ஃபுல்’ என்றும் மாற்றினால் படம் உடனே சீராகும்.

கட்டம் கட்டமாகவோ கோடு கோடாகவோ நிறங்கள் சிதறினால் கிராபிக்ஸ் கார்டின் மீது சந்தேகம் கொள்ளலாம். கடையில் பாகங்களைக் கோத்துக் கொடுத்த கணினி வீட்டுக்கு வரும் வழியில் அதிர்ந்து, கார்டு சற்று விலகியிருக்கக்கூடும். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு அதைக் கழற்றி மாட்டுவதும், டிரைவரை நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாக இறக்குவதும் முதல் இரண்டு படிகள். அதன் பிறகும் தொடர்ந்தால் கார்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

திரைப்பலகையின் குறை

மேலே சொன்ன எதிலும் பிடிபடாமல், வேறொரு கணினியோடு இணைத்தாலும் அதே இடத்தில் அதே நிறம் தெரிந்தால் பழுது திரைப்பலகையில் உள்ளது. இங்கும் இயல்பையும் குறையையும் வேறுபடுத்த வேண்டும். மலிவான டி.என். வகைத் திரையில் தலையைச் சற்று ஏற்றி இறக்கினாலே நிறம் புரண்டுவிடும். அந்த வகையின் இயல்பே அது. ஐ.பி.எஸ். திரையில் இருட்டறையில் மூலைகள் மெலிதாக ஒளிர்வதும் அப்படியே, பார்க்கும் கோணத்தை மாற்றினால் அந்த ஒளிர்வும் இடம் மாறும். கோணத்தை மாற்றியும் நகராத திட்டு குறைதான்.

குறையுள்ள திரையின் பொதுவான அடையாளம், ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் இருப்பது. ஆப்பிள் நிறுவனம் 2009 அக்டோபரில் வெளியிட்ட 27 அங்குல ஐமேக் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 2560 × 1440 புள்ளிகள் கொண்ட அந்தத் திரை அக்காலத்தில் பெரிதும் பாராட்டப்பட்டது. ஆனால் வாங்கிய பலர், திரையின் கீழ்ப்பகுதி மஞ்சளாக இருப்பதாகவும் படம் சிமிட்டுவதாகவும் புகார் செய்தார்கள். ஒரே சாம்பல் நிறத்தை மேலும் கீழும் வைத்து ஒப்பிட்டுத்தான் வேறுபாட்டை நிரூபித்தார்கள். சிமிட்டலுக்காக அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் ஒரு ஃபர்ம்வேர் புதுப்பிப்பை வெளியிட்டது. மஞ்சளுக்கு அப்படி ஒரு மருந்து இல்லை. திரை முழுவதும் ஒரே அளவில் நிறம் மாறியிருந்தால் எண்களைத் திருத்தி ஈடுகட்டலாம், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருந்தால் சாதாரண நிற அமைப்பு எதுவும் உதவாது. 2010 பிப்ரவரியில்தான், இரண்டு குறைகளுக்கும் தீர்வு கண்டுவிட்டதாக ஆப்பிள் அறிவித்தது.

இத்தகைய திரையை அழுத்தித் தடவுவதும், சட்டத்தின் திருகுகளைக் கழற்றிப் பார்ப்பதும் கூடவே கூடாது. அழுத்தம் புதிய திட்டுகளை உண்டாக்கும், வாரண்டியும் போய்விடும். பழைய குழாய்த் திரைகளின் காலத்து வழக்கப்படி ஸ்பீக்கரைத் தள்ளிவைப்பதிலும் பலனில்லை. காந்தம் எல்.சி.டி.யின் நிறத்தைப் பாதிப்பதில்லை.

சான்று சேர்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கைபேசிக் கேமரா வெள்ளையைத் தானே திருத்திக்கொள்வதால், திரையை மட்டும் படம் பிடித்தால் மஞ்சள் மறைந்துவிடலாம். நன்றாக உள்ள இன்னொரு திரையையும் அதே படத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே சாம்பல் நிறத்தை நிரப்பி எடுப்பதே நம்பகமானது. எடுப்பதற்கு முன் மானிட்டர் அரை மணி நேரமாவது எரிந்திருக்க வேண்டும். இணையத்தில் வாங்கிய பொருளை மாற்றித் தருவதற்கான காலம் பெரும்பாலும் சில நாட்களே என்பதால், பெட்டியையும் தெர்மாகோலையும் பில்லையும் அதுவரை தூக்கிப் போடக் கூடாது. சேவை மையத்தில் ‘ஓரிரு புள்ளிகள் கெட்டிருப்பது அனுமதிக்கப்பட்டது’ என்று பதில் வரலாம். அந்த விதி அணைந்த, அல்லது அணையாமல் எரியும் தனிப்புள்ளிகளைப் பற்றியது. திரையின் பாதி மஞ்சளாவதற்கு அது பொருந்தாது என்பதை எழுத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அப்படியும் மறுத்தால், இந்தியாவில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணைக்கு இருக்கிறது. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவுசெய்வது நல்லது.