வாரம் 35 மணி நேரத் தேடல்

பிரிட்டனில் வேலை இழந்தவர்களுக்கு அரசு தரும் முக்கியமான பண உதவிக்கு யுனிவர்சல் கிரெடிட் என்று பெயர். வேலை செய்யக்கூடிய நிலையில் இருக்கும் ஒருவருக்கு, வேலை இல்லை என்ற காரணம் மட்டும் அதைப் பெறப் போதாது. கூப்பிட்டால் சேர அவர் தயாராக இருக்க வேண்டும். வேலை தேடிக்கொண்டே இருக்க வேண்டும். தேடியதற்கு அத்தாட்சியும் காட்ட வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனைதான் நூறாண்டுகளாகச் சர்ச்சைக்கு இடமாகி வருகிறது.

1911-ல் வந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம், கட்டடம், கப்பல் கட்டுதல், பொறியியல் முதலான சில தொழில்களில் இருந்தவர்களுக்கு முதன்முதலாக வேலையின்மைக் காப்பீடு அளித்தது. வாரத்துக்கு 7 ஷில்லிங், ஆண்டுக்கு அதிகபட்சம் 15 வாரம். 1910-ல் திறக்கப்பட்ட லேபர் எக்ஸ்சேஞ்ச் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திடுவதே தொழிலாளியின் கடமை. காலியிடம் இருந்தால் அலுவலகம் சொல்லும். இல்லையென்றால் அவர் வேலையின்றி இருக்கிறார் என்பதற்கு அந்தக் கையெழுத்தே சாட்சி. முதல் உலகப் போருக்குப் பின் தொழில்கள் படுத்து, உதவி கேட்பவர் கூட்டம் பெருகியபோது நிலைமை மாறியது. உண்மையாகவே வேலை தேடுவதாக நிரூபிக்கும் பொறுப்பை 1921-ல் ஒரு பிரிவினர் மீது அரசு சுமத்தியது. 1924-ல் எல்லோர் மீதும் சுமத்தியது. சுரங்கம் மூடிய ஊர்களில், எங்கும் ஆள் எடுக்கவில்லை என்று ஊருக்கே தெரிந்திருந்தும், ஆட்கள் வாசல் வாசலாக நடந்து கேட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று அதிகாரிகள் துருவினார்கள். லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் தள்ளுபடி ஆயின. பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரான மார்கரெட் பாண்ட்ஃபீல்டு தொழிலாளர் துறையை வகித்த 1930-ல்தான் அந்தச் சோதனை ஒழிந்தது.

1989-ல் அது வேறு பெயரில் திரும்பி வந்தது. தீவிரமாக வேலை தேடுகிறவருக்கே உதவி என்றது அந்த ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம். 1996-ல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ் வந்தபோது, அதைப் பெறுபவர் எழுத்து வடிவில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று ஆனது. 2012-ன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் பல உதவிகளை ஒன்றாக்கி யுனிவர்சல் கிரெடிட்டை உருவாக்கியது. 2013 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

இப்போது விண்ணப்பிப்பவர் முதலில் கிளைமன்ட் கமிட்மென்ட் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்க வேண்டும். ஜாப்சென்டர் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவருக்கென்று வொர்க் கோச் என்ற அலுவலர் ஒருவர் இருப்பார். என்னென்ன வேலைகளைத் தேடுவது, எவ்வளவு தூரம் வரை தேடுவது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தேடுவது என்பதெல்லாம் இருவரும் பேசி எழுதிக்கொள்ளும் விஷயங்கள். பொதுவான எதிர்பார்ப்பு வாரத்துக்கு 35 மணி நேரம். ஐந்து நாளாகப் பிரித்தால் தினமும் ஏழு மணி நேரம். ஏறக்குறைய ஒரு முழுநேர வேலை. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் ஆகும் தொலைவு வரை வேலைகளைப் பார்க்க வேண்டும். தன் பழைய தொழிலிலேயே, பழைய சம்பளத்துக்கே தேட முன்பு மூன்று மாதம் வரை அவகாசம் கிடைத்தது. 2022 பிப்ரவரியில் அது நான்கு வாரமாகச் சுருங்கியது.

விளம்பரங்களைப் பார்ப்பது, சுயவிவரக் குறிப்பைத் திருத்துவது, விண்ணப்பம் அனுப்புவது, ஏஜென்சிகளில் பதிவது, நேர்காணலுக்குத் தயாராவது எல்லாம் தேடலில் சேரும். எந்த நிறுவனத்துக்கு என்றைக்கு எழுதினோம், என்ன பதில் வந்தது என்பதை இணையத்தில் உள்ள ஜர்னலில் பதிய வேண்டும். ஜாப்சென்டர் சந்திப்பு பெரும்பாலும் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் அலுவலர் ஜர்னலைப் புரட்டி, தேடல் போதுமா என்று முடிவு செய்ய வேண்டும்.

கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் எவ்வளவு பொருத்தமான இடங்களைத் தேடினார் என்பதை அவ்வளவு நேரத்தில் அறிய முடியாது. எத்தனை இடங்களுக்கு எழுதினார் என்பதை எண்ணிவிடலாம். தனக்கு ஏற்ற நான்கு இடங்களுக்குப் பார்த்துப் பார்த்து எழுதியவரைவிட, பொத்தானை அழுத்தி நாற்பது இடங்களுக்கு அனுப்பியவரின் ஜர்னல் கனமாகத் தெரியும். கென் லோச் இயக்கி, 2016-ல் கான் விழாவில் தங்கப் பனை விருது வென்ற 'ஐ, டேனியல் பிளேக்' படம் இதைக் கண் முன் நிறுத்துகிறது. நியூகாசில் நகரத் தச்சர் ஒருவருக்கு மாரடைப்பு; வேலைக்குப் போகக் கூடாது என்கிறார் மருத்துவர். ஆனாலும் உதவித்தொகைக்காக வேலை தேட வேண்டிய கட்டாயம். கணினி பழகாத அவர் கையால் எழுதிய சுயவிவரத்தை ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிக் கொடுக்கிறார். அதற்கு அத்தாட்சி எங்கே என்று அலுவலகம் கேட்கிறது.

சட்டம் அவ்வளவு இறுக்கமானதல்ல. 35 மணி நேரம் ஆகாவிட்டாலும், நியாயமான முயற்சிகள் அனைத்தையும் ஒருவர் செய்திருந்தால் போதும் என்று விதியிலேயே இருக்கிறது. குழந்தை வளர்ப்பு, நோயாளியைப் பராமரித்தல், உடல்நலக் குறைவு ஆகியவற்றுக்காக மணி நேரத்தைக் குறைக்கலாம். தன்னார்வப் பணி தேடல் நேரத்தில் பாதி வரை ஈடாகும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பராமரிப்பவர் தேடவே வேண்டியதில்லை. துணையையோ பிள்ளையையோ இழந்தவருக்கு ஆறு மாதம் விலக்கு. குடும்ப வன்முறைக்கு ஆளானவருக்கு 13 வாரம். இவை தாமாக வந்து சேர்வதில்லை, கேட்டுத்தான் பெற வேண்டும். கேட்கலாம் என்பதே தெரியாதவர்களுக்குத்தான் இவை அதிகம் தேவைப்படுகின்றன.

நிபந்தனையை மீறினால் சாங்க்ஷன், அதாவது தொகை வெட்டு. 25 வயது நிறைந்த தனி நபருக்கான அடிப்படைத் தொகை 2025 ஏப்ரலில் மாதம் சுமார் 400 பவுண்டாக இருந்தது. வெட்டு விழுந்தால் அந்தக் காலத்துக்கு அது பெரும்பாலும் முழுமையாகவே நின்றுவிடும். வாடகைக்கான பங்கு பொதுவாகத் தொடரும். கிடைத்த வேலையை மறுத்தால் முதல் முறை 91 நாள், ஓராண்டுக்குள் மறுபடி நடந்தால் 182 நாள். மூன்று ஆண்டு வரை வெட்டும் கொடுமையான விதியும் இருந்தது; 2019-ல் அது கைவிடப்பட்டது. வேலை தேடாததற்காக இந்தத் தண்டனை விழுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அண்மை ஆண்டுகளின் அரசுப் புள்ளிவிவரங்களோ, வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஜாப்சென்டர் சந்திப்புக்கு வராததற்காகவே விழுந்தன என்று காட்டுகின்றன. தவறிய பஸ், பார்க்காமல் விட்ட ஒரு குறுஞ்செய்தி போதும், காரணம் சொல்லும் நிலைக்கு ஒருவர் வந்துவிடுவார்.

மக்களின் வரிப்பணத்தைக் கொடுக்கும் அரசு, வாங்குபவரும் முயல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் மிரட்டினால் நல்ல வேலை கிடைக்குமா? எச்சரிக்கையும் வெட்டும் ஆட்களைச் சீக்கிரமாக உதவிப் பட்டியலை விட்டு வெளியேற்றுவதாக சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வுகள் கண்டன. அப்படி வெளியேறியவர்களின் பிந்தைய வருமானம் குறைந்ததையும் கண்டன. பிரிட்டிஷ் வேலை, ஓய்வூதியத் துறை தானே செய்த ஆய்வு 2023-ல் வெளியானது. தொகை வெட்டப்பட்டவர்கள் வேலைக்குப் போக மற்றவர்களைவிட அதிகக் காலம் எடுத்துக்கொண்டார்கள், போன பிறகும் குறைவாகவே சம்பாதித்தார்கள் என்றது அது. சாப்பாட்டுக்கும் போனுக்கும் காசில்லாதவரால் முனைப்பாக வேலை தேட முடியாது என்பதை இதற்குமேல் யாரும் விளக்கத் தேவையில்லை.

வெட்டு விழுந்தவர் முடிவை மறுபரிசீலனை செய்யும்படி துறையிடம் கேட்கலாம். அங்கே தீராவிட்டால் துறையைச் சாராத தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். இடைக்காலத்தில் கஷ்டகால உதவி என்று ஒரு தொகை பெறலாம்; அது பெரும்பாலும் பின்னால் திருப்பிப் பிடிக்கப்படும் கடன். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இவற்றுக்கு இலவசமாக வழிகாட்டுகிறது. ஆங்கிலம் தடுமாறும் தமிழர்கள் ஜாப்சென்டரில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்கும் முன்பே உடல்நிலை, குழந்தைகள், பயண வசதி எல்லாவற்றையும் சொல்லி அதில் எழுத வைத்துவிடுவது நல்லது. நிலைமை மாறினால் பத்திரத்தையும் மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.