கரைந்த தாடை எலும்பு திரும்ப வளருமா?

பல் விழுந்ததும் அதைத் தாங்கிய எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டில்தான் இழப்பு மிக வேகம். மெல்லும்போது பல்வேரைச் சுற்றிய நார்கள் வழியே எலும்புக்குக் கிடைத்த விசை நின்றுவிடுவதே முக்கியக் காரணம். வேலையில்லாத எலும்பை உடல் வைத்துக்கொள்வதில்லை. கரைந்த இடத்தை மீட்க இடுப்பிலிருந்து எலும்பை எடுத்து ஒட்டுவதுண்டு; அந்த எலும்பும் வெறும் நிரப்பி அல்ல. ரத்தக்குழாய்களும் எலும்புச் செல்களும் ஏறிவரும் சாரம் அது. சில மாதங்களில் உயிர்பிடித்ததும் செயற்கைப் பல்லைத் தாங்கும் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன் வழியே எலும்புக்கு மெல்லும் பாரத்தைத் தரவேண்டும். சும்மா விட்டால் ஒட்டிய எலும்பும் கரையும்.

இத்தனை அறுவை எதற்கு, கன்ன எலும்பிலேயே நீண்ட திருகைப் பதிக்கலாமே என்று கேட்கலாம். 1965இல் மனிதத் தாடையில் டைட்டானியம் பதித்த ஸ்வீடனின் பிரோனேமார்க்கே பின்னாளில் அந்த வழியையும் வகுத்தார். மேல்தாடைக்கு அது நல்ல வழிதான். கீழ்த்தாடைக்கோ அப்படியோர் அண்டை எலும்பு இல்லை. அதன் பின்பகுதியில், உதட்டுக்கு உணர்வு தரும் நரம்புக்கு மேலே உயரம் மிகக் குறைந்துவிட்டால், பல நேரங்களில் எலும்பை வளர்த்துத்தான் ஆகவேண்டும்.